முப்பது பேர் இருக்க வேண்டிய காடு

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் மரம் வெட்ட எஸ்தோனியாவுக்குப் போனார்கள். மொக்கராசு, ஒச்சப்பன், சோணைமுத்து. மூன்று பேருக்கும் தலை இருந்தது. குல்லா போட வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் மொக்கராசுக்குத்தான் நெருக்கடி. "ஒரு குளிர்காலம் அங்கே தாக்குப்பிடி, பொண்ணைத் தர்றேன். பாதியில திருப்பி அனுப்பிட்டாங்கன்னா என் வீட்டுப் பக்கமே வராதே" என்று மாமன் கறாராகச் சொல்லியிருந்தார்.

கிளம்பும்போது ஏஜென்ட் ஒரு தாளைக் கொடுத்தார். "நாட்டைப் பத்தி எல்லாம் இதுல இருக்கு. இதுப்படி நடக்கலைன்னா அடுத்த விமானத்துல ஊருதான்."

தாளில் முதல் வரி: 'கடுங்குளிர். அடுக்கடுக்காக உடுத்தவும்.' சோணைமுத்து ஒன்பது கைலியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினான். அதற்கப்புறம் அவனால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே தூங்கினான்.

அடுத்த வரிதான் வில்லங்கம். 'சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக முப்பது பேர். ஆண்களைவிடப் பெண்கள் சற்று அதிகம்.'

"சராசரின்னா என்னண்ணே?" என்றான் மொக்கராசு.

"திருவாளர் மாதிரி ஒரு மரியாதைடா" என்றான் ஒச்சப்பன். மூவரில் அவன்தான் படித்தவன், நாலாம் வகுப்பு.

கயிறு பிடித்துக் காட்டை அளந்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் பைன் மரம் எக்கச்சக்கம், மனுஷன் மூன்றே பேர்.

மொக்கராசு விரல்விட்டுக் கழித்துப் பார்த்தான். "இருபத்தேழு பேர் குறையுது. அதிகாரி வந்து எண்ணினா என் கல்யாணம் போச்சு."

"ஆள் இல்லைன்னா செய்ய வேண்டியதுதான். பனி சும்மாதானே கிடக்கு" என்றான் சோணைமுத்து, நின்றபடியே.

செய்தார்கள். பதினொரு ஆண், பதினாறு பெண். குழம்புக்கு வைத்திருந்த காரட் முழுக்க மூக்காகப் போனது. மொக்கராசு ஆண்களை மட்டும்தான் செய்தான். நிச்சயம் ஆகப்போகிற பையன் கண்ட பெண்களைத் தொடலாமா?

குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் எண்ணுவார்கள், முப்பது. மொக்கராசு மாப்பிள்ளை மிடுக்கோடு மரம் வெட்டினான்.

ஏப்ரலில் ஒருநாள் எழுந்து எண்ணினால் மூன்று.

அலறி அடித்துக்கொண்டு போலீசுக்கு ஓடினார்கள். போலீஸ்காரர் போனை நீட்டினார். இவர்கள் பேசப் பேச அது அவர் பாஷையில் சொன்னது.

"இருபத்தேழு பேரைக் காணோம் சார்" என்றான் மொக்கராசு.

போலீஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "தடயம் ஏதாவது?"

"மூக்கை மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க சார்." மொக்கராசு பையைக் கவிழ்த்தான். மேசையில் இருபத்தேழு காரட் உருண்டது. "அடையாளம் தெரியக் கூடாதுன்னு கழட்டி வெச்சிருக்காங்க."

போலீஸ்காரர் காரட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மெல்ல உட்கார்ந்தார்.

ஒச்சப்பன் போனருகே குனிந்தான். "ஒண்ணா நின்ன பழக்கம் சார். பதினொரு ஜோடி ஓடிப்போயிருக்கும். அதுங்களை விடுங்க, எங்கேயாவது நல்லா இருக்கட்டும். துணையில்லாம அஞ்சு பொண்ணுங்க போயிருக்கு பாருங்க, முதல்ல அதுகளைத் தேடுங்க."