பிரகாசி சொல்லாமல் விட்ட சொல்

பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றும் போட்டி ஒன்று நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். சொன்னால் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். தூத்துக்குடியில் கிளம்பித் தூத்துக்குடிக்கே திரும்ப வேண்டும். படகுகள் எல்லாம் ஒரே அச்சு, போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்தவை. முதலில் வருகிறவருக்கு அவர் ஓட்டி வந்த படகே சொந்தம். மற்றவர்கள் படகை ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

கடைசிக் கட்டத்தில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். மணப்பாட்டுக்காரி பிரகாசி ஒருத்தி. டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்ரிக் இன்னொருவன். ஹென்ரிக் இதே போட்டியில் முன்பு இரண்டு முறை இரண்டாவதாக வந்து படகைப் பறிகொடுத்தவன். பிரகாசியோ, இத்தனை கடலையும் தாண்டிக் கொண்டுவந்த படகை இன்னொருவர் கையில் கொடுப்பதா என்று தினமும் அதன் பாய்மரத்தைத் தடவிப் பார்ப்பவள்.

இருவருக்கும் ஒரு வழக்கம். சாயங்காலமானால் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு ஒருவருக்கொருவர் புளுகிக்கொள்வார்கள். எதிராளி தப்பான பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளட்டுமே என்றுதான்.

"இங்கே காற்றே இல்லை. ஒரு திமிங்கிலத்தின் முதுகில் படகைச் சாய்த்துவிட்டு மீன் வறுக்கிறேன்" என்பான் ஹென்ரிக். அந்நேரம் அவன் படகு பறந்துகொண்டிருக்கும்.

"எனக்குப் பாய் கிழிஞ்சு போச்சு. சேலையைக் கட்டி ஓட்டுறேன். நீ முன்னாடி போ, ராசா" என்பாள் பிரகாசி. அவள் சேலை எதுவும் கொண்டுவரவே இல்லை.

தென்கடலுக்குள் நுழைந்ததும் ஹென்ரிக்குக்குப் பயம் வந்தது. அங்கே ஓர் அலையின் உச்சியில் ஏறினால் அடுத்த வருஷம் தெரியும், அவ்வளவு உயரம். "இந்தப் புளுகுக்கு நடுவே நிஜமான ஆபத்து வந்தால் எப்படித் தெரியும்? உன் பாஷையில் ஒரு சொல் கொடு. அதைச் சொன்னால் பொய் இல்லை" என்றான்.

"கடலாணை" என்ற சொல்லைக் கொடுத்தாள்.

"ஆனால் உயிருக்கு மட்டும்தான்" என்றான் அவன். "போட்டிக்காக ஒரு தடவை செலவழித்தாலும் அடுத்த தடவை நான் யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் மூழ்கிவிடுவேன்."

சில நாள் கழித்து, மூடுபனியில் பக்கத்தில் வந்துகொண்டிருந்த பிரகாசி வயர்லெஸ்ஸில் அலறினாள்: "கடலாணை! வலது பக்கம் திருப்பு!" ஏன் என்று கேட்காமல் திருப்பினான். அவன் போயிருக்க வேண்டிய வழியில் வீடு மாதிரி ஒரு பனிப்பாறை நகர்ந்து போயிற்று.

இனிக் கடைசி நாள். கன்னியாகுமரியைச் சுற்றிவிட்டு இரண்டு படகும் கூப்பிடு தூரத்தில் வந்தன. கரையை ஒட்டிப் போவதா, ஆழக்கடலில் விலகிப் போவதா? ஆழத்தில்தான் காற்று இருக்கும் என்று இருவருமே பாயைத் திருப்பத் தொடங்கினார்கள்.

அப்போது எதிரே ஒரு வள்ளம். கயித்தான் என்ற மீனவர் வலையை விட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினார்: "ஏ வெள்ளக்காரங்களா! அங்கிட்டுப் போவாதீய! காத்து செத்துக் கெடக்கு! கரையப் பிடிச்சுப் போங்க!" கடலில் எதிர்ப்படுகிற படகுக்குக் காற்றைச் சொல்லாமல் போக அவருக்கு மனசு வராது.

"வெள்ளக்காரி உங்க அத்த! நான் மணப்பாடுய்யா!" என்று பிரகாசி திருப்பிக் கத்தினாள்.

"அட, நம்ம புள்ளையா! அப்ப நீயாவது கேளு, தாயீ!"

ஹென்ரிக்குக்கு இதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. அவர் கையை ஆட்டுகிறாரே என்று இவனும் ஆட்டினான்.

போட்டியில் ஒரு விதி உண்டு. வெளியாள் சொன்ன தகவல் ஒருவருக்கு மட்டும் கிடைத்து, அதன்படி அவர் போனால், அவர் நீக்கப்படுவார். போட்டியில் இருக்கும் எல்லோருக்கும் கிடைத்தால் குற்றமில்லை. பிரகாசி வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"ஹென்ரிக், ஆழத்தில் காற்று இல்லையாம். கரையை ஒட்டிப் போகச் சொல்கிறார் அந்த மீனவர்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "சேலை கட்டிப் படகு ஓட்டினவள்தானே நீ! நான் ஆழத்துக்கே போகிறேன்."

பிரகாசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கரைப்பக்கம் திரும்பினாள்.

அன்று மாலையே அவள் தூத்துக்குடி சேர்ந்துவிட்டாள். ஹென்ரிக் பாய் தொங்க, நகராமல் கிடந்து, மறுநாள்தான் வந்தான். வந்ததும் நேரே நடுவரிடம் போனான்.

"நான் நம்பமாட்டேன் என்று தெரிந்தேதான் சொன்னாள். நம்பவைக்கும் சொல் அவளிடம் இருந்தது. பெட்டியைப் பூட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொண்டால், அது கொடுத்ததாகுமா?"

"உயிருக்கு மட்டும்னு சொன்னது நீதானே?" என்றாள் பிரகாசி. "இங்கே யார் உயிர் போச்சு?"

சாட்சிக்கு வந்த கயித்தானுக்கு இந்த வழக்கே பிடிபடவில்லை. "நான் ரெண்டு பேருக்கும்தான தொண்ட கிழியக் கத்துனேன்? அவருக்குத் தமிழ் தெரியலன்னா அது என் குத்தமாய்யா?"

சொல்லுங்கள். உண்மையைச் சொன்னாள், ஆனால் நம்பும்படி சொல்லவில்லை பிரகாசி. புளுகிப் பழகிய வாயிலிருந்து வந்த உண்மையைத் தள்ளிவிட்டான் ஹென்ரிக். இதில் யார் பக்கம் நியாயம்? அந்தப் படகு யாருக்கு?

நடுவர் ஹென்ரிக்கிடம் கேட்டார்: "அவள் கடலாணை என்று சொல்லி, நீயும் கரைப்பக்கம் போய், அங்கே காற்று செத்திருந்தால்?" "அப்புறம் அந்தச் சொல்லை நான் நம்பியிருக்க மாட்டேன்" என்று சொல்லி ஹென்ரிக் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பனிப்பாறையை அவள் கண்ணால் பார்த்தாள், ஆணையிட்டாள். காற்றைக் காதால்தான் கேட்டாள்; கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். அதற்கு மேல் நம்புவது அவன் பாடு. படகு பிரகாசிக்கே. ஆனால் வாயைத் திறந்து மூடினாளே, அந்த நொடியில் அவள் நினைத்தது கொடுத்த வாக்கையா, படகையா? அது நடுவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மற்றதெல்லாம் மட்டும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? இவ்வளவு நேரம் கதை சொன்னேனே, என் பங்குக்கு ஒரு தடவையாவது கடலாணை என்று சொன்னேனா?