திரை சொன்ன கரண்ட்

கோவையில் மின்விநியோக மாநாடு. கம்பெனி முதலாளி ரகோத்தமன் மேடையில் முழங்கினார்: “எந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் எங்கள் கணினித் திரை பொய்யே சொல்லாது. இனி லைன்மேனே வேண்டாம்!”

மேடையில் மாதிரிக் கம்பி கட்டிய லைன்மேன் சென்னியப்பனை வம்புக்கு இழுத்தார். “டெஸ்டர் இல்லாமல் சொல்லுமய்யா, இந்தக் கம்பியில் கரண்ட் இருக்கா?”

திரையில் ‘கரண்ட் உண்டு’ என்று சிவப்பாக மின்னியது.

“இல்லீங்க” என்றார் சென்னியப்பன். விறுவிறுவென்று போய் வெறுங்கையால் கம்பியை இறுகப் பிடித்தார். அரங்கமே அலறியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரை மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது.

“எப்படி?” முதலாளி கம்பியருகே ஓடி வந்தார்.

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து அந்தக் கம்பியின் பியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினார். “இது என்ற பையில இருந்தாத்தானுங்க நான் கம்பிகிட்டயே போவேன். காலையில புடுங்குனதுங்க. உங்க திரைக்குத்தான் இன்னும் சேதி போகலீங்க.”