சரளைக்கு அடியில்

நீலகிரி மலையில் ஓர் ஓடைக் கரையில் ஆசிரமம் நடத்திவந்தார் நீலாயதாட்சி. அவருடைய சீடர் சபாநடேசனுக்குக் குருவைவிட இருபது வயது அதிகம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகள் பிறரை நிற்க வைத்தவருக்கு, தாமே நிற்பதில் ஒரு பெருமிதம் இருந்தது.

மார்கழி பிறந்ததும் விரதம் எடுத்தார். நாற்பத்தெட்டு நாள், விடியற்காலையில், முழங்காலளவு ஓடை நீரில் நின்று ஜபம்.

பத்தாம் நாள் அவர் வேட்டியை மடித்துக் கட்டியபோது, கரையில் குரு ஒரு வாளியோடு நின்றிருந்தார்.

"ஐயா, மொண்டு மேல ஊத்திக்குங்க. இனிமே ஓடையில கால் வைக்க வேண்டாம்."

"விரதம் பாதியில நின்னுடுமே அம்மா."

"நிக்கட்டும்."

"இந்தக் குளிர் என் வயசுக்கு ஆகாதுன்னு நினைக்கிறீங்களா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கல்லு மாதிரி இருக்கீங்க. தொந்தரவே அதுதான்."

சபாநடேசனுக்குச் சுருக்கென்றது. "காரணம் சொல்லாம ஒரு பையனைக்கூட நான் வகுப்பை விட்டு வெளியே அனுப்பினதில்ல."

குரு குனிந்து, கரையோரம் ஒதுங்கியிருந்த எதையோ அள்ளி உள்ளங்கையை நீட்டினார். பட்டாணி அளவில் நாலைந்து மணிகள், பால்போல் வெளுத்திருந்தன.

"ட்ரவுட் மீனோட முட்டை. உயிரிருந்தா செம்மஞ்சளா இருக்கும்."

"எப்படிச் செத்துது?"

"தாய் மீன் வாலால சரளையைப் பறிச்சு, முட்டை போட்டு மூடிட்டுப் போச்சு. அதுக்கு மேல ஒருத்தர் ஒன்பது நாள் நின்னு ஜபம் பண்ணினார்."

சபாநடேசன் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார்.

"மிச்சம் ஏதாவது பிழைச்சிருக்குமா?"

"தோண்டிப் பார்த்தா அதுவும் போயிடும்."

அன்று சபாநடேசன் அந்த இடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினார். மற்ற சீடர்களைப் பாலம் வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். "சார் ஓடைக்கும் வகுப்புத் தலைவராயிட்டார்" என்று அவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் கரையில் குளித்துவிட்டுச் சரளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மந்திரம் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. தை வந்தது. தண்ணீர் தெளிவாக, ஒன்றுமில்லாமல் ஓடியது.

மாசியில் ஒரு காலை, கல்லிடுக்கில் புல் நுனி போல ஏதோ அசைந்தது. புல் நீரோட்டத்தோடு போகும். இது எதிர்த்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணத் தொடங்கியவர் இருபதுக்கு மேல் விட்டுவிட்டார்.

"அம்மா."

குரு வந்து பார்த்தார்.

"பிழைச்சிருக்கு" என்றார் சபாநடேசன். ஈரத்தரை என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்தார்.

வெயில் மரங்களைத் தாண்டி வரும்வரை இருவரும் மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த விரதத்துக்கு ஏதாவது பலன் உண்டா அம்மா?"

"உண்டு."

"நான் நின்ன ஒன்பது நாளுக்கா?"

"நிக்காத நாளுக்கு."