பெயர் எழுதாத பெட்டி

எழுபத்து மூன்று வயதில் பொங்கியண்ணன் ஒரு குருவைத் தேடிப் போனார். குருவுக்கு முப்பத்தெட்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ரெஜினா டீச்சர்.

மறுநாள் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். இதற்கு முன் அவரை யாரும் பேச அழைத்து ஒன்பது வருடமாகிவிட்டது. திரையில் காட்ட ஒரே ஒரு படம் வைத்திருந்தார். மில் வேலைநிறுத்தத்தின் முதல் நாள், வாசலில் பதினான்கு பேர். அவர்களில் பன்னிரண்டு பேரைச் சுடுகாடு வரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

"ஒவ்வொரு மூஞ்சியையும் அமுக்கினா பேர் வரணும் டீச்சர். புரோகிராம் எழுதறதெல்லாம் எனக்கு ஆகாது."

"யாருங்க எழுதச் சொன்னாங்க?"

ஒரு முகத்தின் மேல் நிறமில்லாத வட்டம் போட்டாள். பக்கத்தில் பெயரோடு ஒரு பெட்டி. வட்டத்தைச் சொடுக்கினால் பெட்டி தோன்றட்டும் என்று பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தாள். அவ்வளவுதான்.

மீதியை அவரே செய்தார். தன் முகத்துக்கு மட்டும் பெட்டியில் பதினோரு வரி.

"ஜெயிலுக்குப் போனதுகூட இருக்குதுங்களே."

"போனவன் சொல்லாம, போகாதவனா சொல்லுவான்?"

அவள் படத்தின் ஓரத்தைக் காட்டினாள். குடத்தோடு ஒரு பெண். அங்கே வட்டம் இல்லை.

"இவங்க?"

"தண்ணி கொண்டு வந்த பொம்பள."

"பேருங்க?"

வேலைநிறுத்தம் நடந்த நாற்பத்தோரு நாளும் அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் குடித்தார். எவ்வளவு நேரம் பார்த்தும் பெயர் வரவில்லை.

"யாரையாச்சும் கேளுங்களேன்."

செல்போனை எடுத்தார். எண்களைத் தள்ளிக்கொண்டே போனார். சட்டைப்பையில் திரும்ப வைத்தார்.

"யாரைக் கேக்கறது? அவளை வெட்டிடுங்க டீச்சர்."

அவள் வெட்டவில்லை. அந்த முகத்துக்கும் ஒரு வட்டம் போட்டாள். ஒரு பெட்டி வைத்தாள், அதில் எதுவும் எழுதவில்லை. எங்கே சொடுக்கினாலும் அடுத்த பக்கம் வரட்டும் என்றிருந்த வரியில் டிக் குறியை எடுத்தாள். மவுஸை அவரிடம் தள்ளினாள்.

குடத்துக்காரியைச் சொடுக்கினார். வெள்ளைப் பெட்டி வந்தது. படத்திலிருந்த மில் கேட்டைச் சொடுக்கினார், சுவரைச் சொடுக்கினார். படம் அசையவில்லை.

"இதென்ன, காலிப் பெட்டியோட நிக்குது! ஊரே சிரிக்கும். நன்றி போட்ட அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போறது?"

"கூட்டத்தைக் கேளுங்க தோழர். யாராச்சும் சொன்னதுக்கப்புறம் போகலாம்."