தோண்டாமல் வாங்கிய நிலம்

ஆற்றங்கரை வயல் ஒன்றின் வரப்பில் வரகன் என்ற எலி தன் மனைவி சாமையோடு குடியிருந்தது. குடியிருப்பு என்ன குடியிருப்பு! அடுத்தவர் வரப்பு. அறுப்பு முடிந்ததும் மண்வெட்டி வரும், வளை போகும்.

சாமை வயிற்றில் குட்டிகள். "அதுங்க பொறக்குறதுக்குள்ள சொந்தமா ஒரு வயல் வேணும்!" என்று வரகன் ஒற்றைக் காலில் நின்றது.

ஆற்றங்கரையில் நிலமோ ஆனை விலை, குதிரை விலை. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி மூன்று வருஷமாகச் சேர்த்த நெல்லைக் கொட்டினாலும் ஒரு மூலை கிடைக்காது. அப்போதுதான் தரகர் ஓணான் வந்து சேர்ந்தது.

"இதே நெல்லுக்கு மலையடிவாரத்துல ஒரு முழு வயலே கெடைக்கும் அண்ணே!"

ஐப்பசி மாதம் மூன்றுமாகப் போய்ப் பார்த்தன. நல்ல மழை. கண்ணுக்கு எட்டியவரை பச்சை.

"தண்ணி நிக்குமா?" என்று வரகன் கேட்டது. ஓணான் தலையை ஆட்டியது.

"நெல்லு வெளையுமா?" மறுபடியும் ஆட்டியது.

ஓணான் எதற்குத்தான் தலையாட்டாது? சும்மா வெயில் காயும்போதும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். வரகனுக்கும் இது தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, பாவம்.

சாமை மட்டும் வரப்பெல்லாம் மோந்து பார்த்தது. "என்னங்க, ஒரு நண்டு வளைகூட இல்லையே! மண்புழுவும் காணோம். எதுக்கு இவ்வளவு மலிவா தர்றாங்க? ஒரு சாண் தோண்டிப் பாருங்க!"

"ஐயையோ அண்ணி! கைமாறுறதுக்கு முன்னாடி மண்ணுல கீறல் விழக்கூடாது. எங்க பக்கத்து வழக்கம்!" என்று ஓணான் பதறியது.

வரகன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டது. பிறந்த நாள் முதல் தோண்டுவதே பிழைப்பு. அதை அன்றைக்குப் பார்த்துத்தான் விட்டுத்தொலைத்தது! மூன்று வருஷத்து நெல்லும் கைமாறியது.

கார்த்திகையில் மழை ஓய்ந்தது. விதைக்கென்று ஒதுக்கிய ஒரு பிடி நெல் முளைத்தது, மஞ்சளானது, கருகியது. வயல் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்தது. களர் நிலம்! வளையாவது வெட்டுவோம் என்று வரகன் தோண்டியது. ஒரு சாணுக்குக் கீழே பாறை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

சாமை ஐந்து குட்டிகளைக் கல்லிடுக்கில் ஈன்றது. இரண்டைப் பருந்து தூக்கியது. ஒன்று பசியில் போயிற்று. அந்தக் குட்டியைப் புதைக்கக்கூட அந்த மண்ணில் ஆழம் இல்லை.

"நான்தான் கெடுத்தேன் சாமை" என்று வரகன் அழுதது.

பங்குனியில் ஒரு கோடை மழை பெய்தது. உப்புக் கரைந்து உள்ளே போனது. நான்கே நாளில் புல் தலைகாட்டி, வயல் பழையபடி பச்சையாயிற்று. ஐந்தாம் நாள் ஓணான், வரகனின் வயலை விற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு பெருச்சாளியைக் கூட்டிக்கொண்டு வந்தது. பின்னால் அதன் மனைவி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தது. இரண்டின் முதுகிலும் நெல் மூட்டை.

"வெலை மலிவா இருக்கே! நீங்க இங்கேயே இருக்கிறவரு, நெஜத்தைச் சொல்லுங்க அண்ணே. தண்ணி நிக்குமா? நெல்லு வெளையுமா?" என்று பெருச்சாளி கேட்டது.

வரகன் வாயைத் திறந்தது. கல்லிடுக்கில் மீதி இரண்டு குட்டிகளும் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. சாமை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வரகன் மெதுவாகத் தலையை ஆட்டியது.

மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் மலிவை மட்டும் பார்த்து நிலம் வாங்குகிறவன், முதலில் தன் கையிருப்பை இழப்பான், பிறகு தன் நேர்மையையும் இழப்பான்.