ஆறாம் கோபுரமும் ஆள்காட்டியின் சம்மதமும்

ஏரிக்கரைப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்குச் சும்மா இருக்கவே தெரியாது. ஓணான் நடந்தாலும் கத்தும். சருகு உருண்டாலும் கத்தும். அதனால் அந்தக் காட்டில் யாரும் அதன் கத்தலைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு நாள் காலையில் நரி வந்தது. தோளில் அளவுக் கயிறு, கக்கத்தில் ஓலைக்கட்டு.

"யாரது? கிட்ட வராதே! முட்டை இருக்கு!" என்று ஆள்காட்டி கத்தியது.

"பதறாதீங்கம்மா! உங்ககிட்ட ஒரு சம்மதம் கேட்டுப் போகத்தான் வந்தேன்" என்று நரி குனிந்து கும்பிட்டது.

ஆள்காட்டிக்கு நம்பவே முடியவில்லை. பிறந்ததிலிருந்து எல்லாரும் அதை விரட்டியிருக்கிறார்கள். அதனிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை.

விஷயம் இதுதான். கரடிமலை அருவியில் யானைகள் மின்சாரம் எடுத்திருந்தன. ஏரிக்கு அப்பால் உள்ள குகைகளுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் முயல்களும் மான்களும் குட்டிகளோடு அங்கேதான் ஒண்டியிருக்கும். போன மழையில் குளிர் தாங்காமல் ஏழு முயல்குட்டிகள் செத்துப்போயின. "அடுத்த மழைக்குள் குகையில் வெளிச்சமும் கதகதப்பும் வந்தாக வேண்டும்!" என்று சிங்கராஜா உத்தரவு போட்டுவிட்டது. பதினொரு கோபுரங்கள், அவற்றின் தலைமேல் உயர் அழுத்தக் கம்பி. பொறுப்பு நரிக்கு.

காட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. கோபுரத்தின் கால் யார் இடத்தில் ஊன்றுகிறதோ அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். ஈரமண்ணை மிதித்து ஓலையில் கால் பதித்தால் அது சம்மதம். நரியும் அருவியிலிருந்து குகைவரை நடந்தே போய், எலி வளை, உடும்புப் பொந்து, முள்ளம்பன்றிக் குழி என்று ஒன்றுவிடாமல் விசாரித்தது. வேலையில் அது சோம்பேறி இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஆறாவது கோபுரத்தோட ஒரு கால் சரியா உங்க கூட்டு மேல வருது. தாங்கள் பெரிய மனசு பண்ணணும்!"

தாங்களாம்! ஆள்காட்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அஞ்சு நாள்ல குஞ்சு பொரிஞ்சிடும். பொரிஞ்ச அன்னிக்கே எங்க பிள்ளைங்க நடந்துடும். அப்புறம் தாராளமா எடுத்துக்குங்க!" என்று சொல்லி, ஓலையில் அழுத்தமாகக் காலைப் பதித்தது.

ஆறாம் நாள் நண்பகலில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சிங்கராஜா பாறைமேல் உட்கார்ந்திருந்தது. நரி ஓலைகளை விரித்துப் படித்தது. கோபுரங்களைத் தூக்கி நிறுத்தப்போகும் யானை ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"பறவைங்களைக் கேட்டாச்சா?"

"கேட்காமலா? இதோ, ஆள்காட்டியம்மா கால் பதிச்சிருக்காங்க! ஆள்காட்டி பறவை இல்லையா?" என்றது நரி.

எல்லாரும் ஆள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பொரிந்த குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்தபடி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. 'நான் என் கூட்டுக்கு மட்டும்தானே சொன்னேன்' என்று ஒரு நொடி மனதில் பட்டது. ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது அதையெல்லாம் யார் சொல்வார்கள்? தலையை ஆட்டிவிட்டது.

ஏரிக்கரை நீர்மருது மரங்களில் இருநூறு கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. பை தொங்கும் நீள அலகும் பெரிய உடம்புமாக இருக்கும் அந்தப் பறவைகளில் ஒன்றுகூடக் கூட்டத்தில் இல்லை. பகலில் அவை தூரத்து நீர்நிலைகளுக்கு மீன் பிடிக்கப் போய்விடும். சாயங்காலம்தான் ஏரியைத் தாண்டி மரத்துக்குத் திரும்பும். கூட்டத்தை நண்பகலில் நரி திட்டமிட்டு வைத்ததா, தெரியாமல் வைத்ததா? அதை நரியிடம்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் உண்மை வராது!

"யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்றது சிங்கராஜா.

ஒரு சத்தமும் இல்லை. மின்பாதைக்கு அனுமதி கிடைத்தது.

ஒரு மாதத்தில் பதினொரு கோபுரங்களும் எழுந்துவிட்டன. கடைசியில் கம்பி கட்டுவது மட்டும் பாக்கி. ஒரு சாயங்காலம் வீடு திரும்பிய கூழைக்கடா ஒன்று, பொட்டலில் ஆள்காட்டியைப் பார்த்துக் கீழே இறங்கியது. அந்தக் கூழைக்கடாவுக்கு மூன்று குஞ்சுகள்.

"தங்கச்சி! என் பிள்ளைங்க நாளான்னிக்கு முதல் தடவையா பறக்கப் போறாங்க! நாங்க போற வழியில இளைப்பாற யாரோ நல்லவங்க இரும்பு மரம் நட்டிருக்காங்க பாரு!"

ஆள்காட்டி சிரித்தது. "மரம் இல்லக்கா! மின்கோபுரம். நாளான்னிக்குக் கம்பி கட்டப் போறாங்க. நான்தான் சம்மதம் குடுத்தேன்!"

"கம்பியா? எங்கே?"

"அதோ, அஞ்சாவது கோபுரத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவுல. மூணு பனை உயரத்துல."

கூழைக்கடாவின் அலகு தானாகத் திறந்தது. பையிலிருந்த மீன் ஒன்று தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அது குனியவில்லை.

"ஏண்டி, அது எங்க வழிடி! ஏரிக்கும் மரத்துக்கும் நாங்க அந்த உயரத்துலதான் வருவோம். வயித்துலயும் பையிலயும் மீனைச் சுமந்துக்கிட்டு சட்டுன்னு மேலே ஏற முடியாது. பறக்கும்போது எங்க கண்ணு கீழே தண்ணி மேலதான் இருக்கும். முன்னாடி ஒரு கம்பி நின்னா எங்களுக்குத் தெரியாதே! பறக்கவே தெரியாத பிள்ளைங்க என்ன பண்ணும்? எங்களை யார் கேட்டா?"

"நீங்க யாரும் இல்லையேன்னு... பறவைங்க சார்பா நான்..."

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சியா?" என்று கேட்டுவிட்டு, கூழைக்கடா தன் மரத்தை நோக்கிப் பறந்தது.

அதற்குப் பிறகு ஆள்காட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொட்டலில் இங்கே நாலு அடி ஓடும், அங்கே நாலு அடி ஓடும். இரை எடுக்கக் குனியும், எடுக்காமலே நிமிரும். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும். நேற்றுவரை அழகாகத் தெரிந்த கோபுரம் இப்போது பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. பொழுது விடிந்ததும் நரியிடம் ஓடியது.

"என் காலடியை அழிச்சிடுங்க! நான் சம்மதிக்கலை!"

"மிதிச்சது மிதிச்சதுதாம்மா. ஆட்சேபனை உண்டான்னு கூட்டத்துலயே கேட்டாச்சு, முடிஞ்சுபோச்சு" என்றது நரி.

"கூழைக்கடாங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்!"

"எதுக்கு? இந்த வழி முழுக்க நான் நடந்து பார்த்திருக்கேன். ஒரு கூழைக்கடாவோட காலடி எங்கேயாவது இருந்தா காட்டுங்க, இப்பவே போய்க் கேட்கறேன்! காலே படாத இடத்துக்கு என்ன சம்மதம்?"

ஆள்காட்டி நேராகச் சிங்கராஜாவின் பாறைக்குப் பறந்தது. நரியும் பின்னாலேயே ஓடிவந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசின. சிங்கராஜாவுக்குத் தலை சுற்றியது.

"நிறுத்துங்க! நரி, அந்த இடத்துல யாரும் இல்லைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"அங்குலம் அங்குலமா நடந்தேன், மகாராஜா!"

"மகாராஜா!" என்று ஆள்காட்டி கத்தியது. "கம்பி தரையில நடந்தா போகப்போகுது? இவர் தரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தாரா? இன்னிக்குச் சாயங்காலம் கம்பி வர்ற உயரத்துல இவரை உட்கார வைச்சுப் பாருங்க!"

யானை தும்பிக்கையைத் தூக்கியது. "செய்யலாம் மகாராஜா. கம்பி இழுக்கறதுக்கு முன்னாடி காட்டுக்கொடியை முறுக்கி வழிக்கொடி ஒண்ணு கட்டுவோம். அந்தக் கொடியில பிரம்புக்கூடையைத் தொங்கவிட்டு ஆளை நடுவுல அனுப்பலாம். குரங்குங்க வழக்கமா அப்படித்தான் வேலை செய்யும்."

"கட்டு கொடியை!" என்றது சிங்கராஜா.

நரி விழித்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அதற்கும் வாய் வரவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஐந்தாவது கோபுரத்துக்கும் ஆறாவதற்கும் நடுவே கொடி இழுத்துக் கட்டப்பட்டது. கூடை ஆடி ஆடி நடுவானத்துக்குப் போனது. உள்ளே நரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே காடே கூடி வேடிக்கை பார்த்தது. ஆள்காட்டிக்கு ஒரே கொண்டாட்டம்! மாட்டிக்கிட்டார் நரியார்!

அப்போதுதான் அது கொடியை அண்ணாந்து பார்த்தது. கொடியும் கம்பியைப் போலத்தானே குறுக்கே நிற்கிறது? கூழைக்கடாக்கள் விடியும் முன்பே போய்விட்டன. இன்றைக்குக் கொடி கட்டியிருப்பது அவற்றுக்குத் தெரியாது. அந்தச் சோதனைக்கு அவற்றிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? மறுபடியும் அதே தப்பு! இதையும் செய்தது தான்தான்!

ஆள்காட்டி ஏரிக்கு மேலே பறந்தது. வாழ்நாளில் அப்படி அது பறந்ததில்லை. தூரத்தில் வெள்ளைக் கூட்டம் வரிசையாகத் தாழ வந்துகொண்டிருந்தது.

"கொடி! குறுக்கே கொடி! மேலே ஏறுங்க! மேலே!"

"இது கத்தறது புதுசா என்ன?" என்று வரிசையில் ஒன்று சொன்னது. மற்றவை சிரித்தன.

முன்னால் வந்த, மூன்று குஞ்சுகளின் தாய்க் கூழைக்கடா மட்டும் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தது. பையிலிருந்த மீனையெல்லாம் உதறிக் கொட்டிவிட்டு, மூச்சைப் பிடித்து இறக்கையை அடித்து மேலே ஏறியது. அதைப் பார்த்து அடுத்தது ஏறியது. அதற்கடுத்தது ஏறியது. மழை போல மீன் கொட்டியது.

கூடைக்குள் கண்ணைத் திறந்த நரிக்கு எதிரே வானமே இறக்கையாக இருந்தது. "ஐயோ! முன்னாடி பாருங்க! நான் இருக்கேன்! முன்னாடி பாருங்க!" என்று அது அலறியது. அதன் முகத்துக்கு ஒரு சாண் மேலே வயிறுகள் சரசரவென்று கடந்தன.

வரிசையின் கடைசியில் வந்த கிழக் கூழைக்கடாவால் மட்டும் ஏற முடியவில்லை. அது இறக்கையோடு கொடியில் மோதியது. கொடி அறுந்தது. கூடையும் நரியும் கிழக் கூழைக்கடாவும் ஒன்றாக ஏரிக்குள் விழுந்தன.

யானை இறங்கி எல்லாரையும் கரையேற்றியது. நரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழக் கூழைக்கடாவின் இறக்கை முறிந்து தொங்கியது. அது வலியில் கத்தக்கூட இல்லை, திருதிருவென்று விழித்தது. ஆள்காட்டியால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

தாய்க் கூழைக்கடா சிங்கராஜாவின் எதிரே வந்து நின்றது.

"கொடியா இருக்கப்போய் அறுந்துச்சு. ஒரு இறக்கையோட போச்சு. நாளைக்கு மின்கம்பியா இருந்தா? என் பிள்ளைங்களா இருந்தா?"

சிங்கராஜா நரியைப் பார்த்தது. "அங்கே யாரும் இல்லைன்னியே?"

நனைந்த நரி நடுங்கிக்கொண்டே சொன்னது: "தரையில யாரும் இல்லை, மகாராஜா."

ஐந்தாம் கோபுரத்தையும் ஆறாம் கோபுரத்தையும் பிடுங்கிவிட்டு, மலையடிவாரமாகச் சுற்றிப் பாதை போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு இன்னும் ஆறு கோபுரங்கள் வேண்டும். மழைக்குள் முடியாது.

கூட்டத்திலிருந்து ஒரு தாய்முயல் கேட்டது: "அப்ப இந்த மழைக்கும் என் குட்டிங்க நடுங்கணுமா?"

பதில் சொல்ல வேண்டியது ஆள்காட்டிதான். அது தட்டுத் தடுமாறிச் சொன்னது: "அன்னிக்குக் கூட்டத்துல நான் தலையாட்டாம இருந்திருந்தா, அப்பவே கேட்டிருப்பாங்க. இந்த மழைக்கே கம்பி வந்திருக்கும்." முயல் திரும்பிப் போய்விட்டது. திட்டியிருந்தால்கூட ஆள்காட்டிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"புது வழிக்குப் பறவைங்க சார்பா நீ என்ன சொல்றே?" என்று சிங்கராஜா கேட்டது.

"என் கூட்டுப் பக்கம் வந்தா என்னைக் கேளுங்க, மகாராஜா. மத்தவங்களைப் பத்தி அவங்கவங்க வீட்டுக்குப் போய்க் கேளுங்க. சாயங்காலம் போனாத்தான் இருப்பாங்க."

மறுநாள் காலையில் நீர்மருது மரங்களிலிருந்து கூழைக்கடாக் குஞ்சுகள் முதல் முறையாகப் பறந்தன. தத்தித் தடுமாறி, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, இன்னும் பிடுங்கப்படாத இரண்டு மொட்டைக் கோபுரங்களுக்கு நடுவே வெறும் வானத்தில் ஏரியை நோக்கிப் போயின. கரையில் இறக்கை முறிந்த கிழக் கூழைக்கடா தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தது. இனி அது அவற்றோடு போகப்போவதில்லை. ஆள்காட்டி ஒரு மீனைக் கவ்விக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தது. கிழக் கூழைக்கடா அதைத் தொடவில்லை. ஆள்காட்டியும் அங்கிருந்து நகரவில்லை.

நீதி: நமக்கு உரியதற்குத்தான் நாம் சம்மதம் சொல்லலாம், அடுத்தவர் வழிக்கும் சேர்த்து நாம் தலையாட்டினால், விலை கொடுப்பது அந்த அடுத்தவர்தான்.