வாசலில் நின்ற சர்க்கரை

ஜாங்கிரி பிழிவதில் சுப்பராயலு மாஸ்டரை மிஞ்ச எட்டு ஊரில் ஆள் கிடையாது. அசட்டுத்தனத்தில் மட்டும் அவருக்குப் போட்டியாக மூன்று பேர் இருந்தார்கள். கோதண்டம், பூமாலை, ராமபத்ரன். மூவரும் அவருடைய கையாட்கள்தான்.

அப்படிப்பட்ட மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பெரிய கல்யாணம், ஆயிரம் ஜாங்கிரி. "சர்க்கரை இறங்கினாத்தான் அடுப்புப் பக்கம் போகலாம்" என்று டாக்டரம்மா சொன்னதும் மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

பாவம் அந்த அம்மா, சமையல்காரர்களுக்குப் புரியட்டும் என்று விளக்கப் போனார்.

"உடம்பு ஒரு கல்யாண வீடுன்னு வச்சுக்குங்க. சாப்பிட்டதும் சர்க்கரை விருந்தாளி மாதிரி ரத்தத்துல வந்து நிக்கும். கணையம் இன்சுலின்னு ஒரு ஹார்மோனை அனுப்பும். அதுதான் செல்லோட கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே உட்கார வைக்கும். மிச்சம் கல்லீரல்ங்கிற உக்கிராணத்துக்குப் போகும். பசி வேளையில குளுகோகான்னு இன்னொரு ஹார்மோன் வந்து அதை வெளியே எடுத்துக் கொடுக்கும். உங்க உடம்புல வரவேற்கிற ஆள் அசந்துட்டார். விருந்தாளிங்க வாசல்லயே நிக்கிறாங்க. மாத்திரை அவரை எழுப்பும். சாப்பிட்டதும் நடங்க."

நால்வரும் கூனிக்குறுகி வெளியே வந்தார்கள். மாஸ்டருக்குள்ளேயே விருந்தாளியை வாசலில் நிறுத்திவைத்தால் ஊர் என்ன பேசும்?

"வந்திருக்கிற சர்க்கரை பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று பூமாலை கேட்டான்.

கோதண்டம் வெகுநேரம் யோசித்தான். "உள்ளே வராம முறைச்சுக்கிட்டு நிக்குதுன்னா மாப்பிள்ளை வீடுதான்."

"அப்ப முதல்ல காப்பி கொடுக்கணுமே?"

"சர்க்கரை போட்டுத்தான் கொடுக்கணும். சர்க்கரைக்கே சர்க்கரை இல்லாத காப்பியா? சம்பந்தம் முறிஞ்சிடும்டா!"

தினம் ஆறு வேளை, மூன்று கரண்டி போட்டு, விருந்தாளிகள் சார்பில் மாஸ்டரே குடித்தார். ஒவ்வொரு வேளையும் ராமபத்ரன் அவர் வயிற்றில் சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து, தொப்புளைப் பார்த்துக் கைகூப்பினான். "வாங்க, வாங்க, இலை போட்டாச்சு!" மாத்திரைகளைக் கற்கண்டோடு தட்டில் வைத்தார்கள். அசந்து தூங்குகிறவர் எழுந்ததும் அவரே எடுத்துக்கொள்ளட்டுமே!

"நடக்கச் சொன்னாங்களே?" என்றார் மாஸ்டர்.

"உள்ளே இத்தனை பெரியவங்க நிக்கிறாங்க. குலுக்கலாமா மாஸ்டர்?" என்றான் கோதண்டம். நியாயம்தானே! மாஸ்டர் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ரத்தம் சோதித்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "நானூறா! இவ்வளவு எப்படி ஏறிச்சு?"

"வரவேற்பு நல்லா இருந்தா கூட்டம் சேரத்தானே செய்யும்?" என்று பூமாலை பெருமையோடு சொன்னான்.

"கூட்டமா? உள்ளே போக முடியாத சர்க்கரை பாதி சிறுநீர்ல வெளியே போகுதுய்யா! அதான் இவர் நிமிஷத்துக்கொரு தரம் ஓடுறார். படுங்க, இன்சுலின் ஊசி போடணும்!"

மூவருக்கும் முகம் வெளுத்தது. விருந்தாளிகள் சாப்பிடாமல் போகிறார்கள், அதுவும் தாம்பூலம் வாங்காமல்! மாஸ்டர் வழக்கம்போல் கழிப்பறைக்கு ஓட, மூவரும் கல்யாணத்துக்காக வண்டியில் ஏற்றி வைத்திருந்த தாம்பூலப் பைகளை அள்ளிக்கொண்டு கதவருகே வரிசையாக நின்றார்கள்.

கதவு திறந்தது. பட்டு வேட்டியும் தொந்தியுமாக முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வெளியே வந்தார். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு மாஸ்டர் வரமாட்டாராமே என்று கேள்விப்பட்டு, டாக்டரம்மாவிடம் கெஞ்சுவதற்காகப் பக்கத்து ஊரிலிருந்து ஓடிவந்தவர், வந்த அவசரத்தில் உள்ளே போயிருந்தார்.

"யாருய்யா நீங்க? நான் மாப்பிள்ளையோட அப்பா!" என்றார் அவர்.

"மாப்பிள்ளை வீடுதான்னு அன்னைக்கே சொன்னேனே!" என்று கோதண்டம் கத்தினான். மூவரும் தடாலென்று அவர் காலில் விழுந்தார்கள். "கோவிச்சுக்காதீங்க சம்பந்தி! சாப்பிடாமப் போகாதீங்க!"

பின்னாலேயே பக்கத்துக் கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த மாஸ்டர், பெரியவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தன் வயிற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனந்தத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

"டாக்டரம்மா! சர்க்கரை இறங்கிடுச்சு! முழுசா இறங்கிடுச்சு! டேய், ஜாங்கிரிக்கு உளுந்தை ஊறப் போடுங்கடா!"